ஒரு சிட்டிகைப் பொடிக்கு நின்ற பாட்டு

இந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுகிற ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம். என் நேரம், போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலேயே அப்படி ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்தார். மூடியை விரலால் தட்டினார். ஒரு சிட்டிகை அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை ஜன்னல் காற்று என் முகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. நான் எழுந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“ஏம்மா, அம்புட்டு சீட்டு காலியா கெடக்கு, ஏன் நிக்கீக?” என்றார் கண்டக்டர்.

“பொடி வாடை ஆகாது தம்பி.”

“அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிச் செவக்குது?” என்று சிரித்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிலருக்குப் பழைய வாசனைகள் வந்தால் கண் கலங்கும் என்கிறார்கள். எனக்கு இந்த வாசனை வந்தால் கோபம் வரும். இதற்குச் சொந்தக்காரரான ஆள் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இறந்தவர்களைக் குறை சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். உயிரோடு இருந்தபோது நேரிலேயே சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்ல என்ன பயம்? பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி நினைவுகூரும் மரியாதையை அவருக்குத் தர எனக்கு மனமில்லை. ஊர் அவரை ‘ஆர்கன் சார்’ என்றது. அதுவே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலிலும் ராஜபாளையம் கோவிலிலும் அவர்தான் ஆர்கன் வாசித்தார். நாங்கள் சர்ச்சைக் கோவில் என்றும், குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். இரண்டு கோவிலுக்கும் தனித்தனி ஐயர் இருந்தார். ஆர்கனுக்கு மட்டும் ஒரே ஆள். காலையில் முதல் ஆராதனையை ஸ்ரீவில்லிபுத்தூரில் முடித்துவிட்டு, பஸ் பிடித்து ராஜபாளையம் வருவார். அவர் வந்து இறங்கும் வரை எங்கள் ஆராதனை தொடங்காது. ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். ஆர்கன் என்றதும் பெரிய நகரத்துக் கோவில்களில் சுவர் உயரத்துக்கு நிற்கிற குழாய் ஆர்கனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மிதிகளைக் காலால் மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி ஊதி ஒலிக்கிற மரப்பெட்டி அது. அதன் மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. இரண்டு ஊர் ஆர்கனின் சாவியும் ஒரே வளையத்தில் அவருடைய சட்டைப் பையில் கிடந்தன. குனியும்போதெல்லாம் அவை கிலுங்கும். அந்தச் சத்தம் கேட்கத்தான் குனிகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. படித்த காலத்தில் விடுதிச் சேப்பலில் தினமும் ஆர்கன் வாசித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். ஆர்கன் சாருக்கும் எனக்கும் தகராறு தொடங்கியது அந்தக் கல்யாணத்தன்றேதான். தாலி ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா?

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலில் நிற்கிறேன். ஆர்கன் ஒலிக்கிறது. நடக்கத் தொடங்குகிறேன். கொஞ்ச தூரம் போனதும் பாட்டு நின்றது. முழுக்க நிற்கவில்லை, கடைசி ஸ்வரம் மட்டும் ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது. முன்னால் பூ தூவிக்கொண்டு போன பிள்ளைகள் நின்றன. பக்கத்தில் வந்த நாத்தனார் நின்றாள். பாட்டில் அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் தாளத்தை மனதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன். பூப்பிள்ளை ஒன்றின் மேல் மோதினேன்.

“ஏட்டி, நில்லு, எல்லாரும் பாக்காக” என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தார்.

நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஆர்கன் பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், இடது கையால் ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூக்கில் பொடி வைத்துக்கொண்டிருந்தார். வைத்து, உறிஞ்சி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கையைத் திரும்பக் கட்டைகளின் மேல் போட்டார். பாட்டு மறுபடி கிளம்பியது. பூப்பிள்ளைகளும் கிளம்பின. ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் இப்படி நின்று நின்றுதான் மாப்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. அவரவர் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

விருந்துப் பந்தலில் அவர் என் வீட்டுக்காரரிடம் வந்து, “என்னடே, பொண்ணுக்கு ரொம்ப அவசரமோ? எக்ஸ்பிரஸ்ஸா வருது?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவரை நான் மன்னித்தது வெகுநாள் கழித்துத்தான். ஆர்கன் சாரை மன்னிக்கவேயில்லை.

அவருக்கு அப்படி ஒரு வழக்கம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிட்டிகை. எல்லா வரிக்கும் பொடி எடுப்பார் என்றில்லை. எடுக்காத வரியிலும் டப்பாவைத் தொட்டுப் பார்ப்பார், அல்லது மூக்கைத் துடைப்பார், அல்லது சும்மா பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பார். இடைவெளி மட்டும் தவறாது. கேட்டால் தடுமன், ஜலதோஷம் என்பார். ஒரு மனிதனுக்கு வருஷம் முழுக்க, சித்திரை வெயிலிலும், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பிடிக்கிற தடுமனை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் நிறுத்தினால் சபையும் நிறுத்தும். அவர் கை திரும்பும் வரைக்கும் கடைசி எழுத்தை அத்தனை தொண்டையும் இழுத்துக்கொண்டு நிற்கும். பிள்ளைப் பருவத்திலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாட்டு என்றாலே இப்படித்தான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்த ஒரு ஐயர், வந்த புதிதில் இதைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். வேறு எந்தச் சபையிலும் காணாத ஒன்றை இங்கே கண்டேன், ஒவ்வொரு வரிக்கும் நின்று தியானித்துப் பாடுகிற சபை இது என்று உருகினார். ஆர்கன் சார் தலையைக் குனிந்துகொண்டு, பணிவாக, இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

கல்யாணமான மறு வருஷம் எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். நான் ஆர்கன் வாசிப்பேன், நீங்கள் அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டாம், மாதத்தில் ஒரு ஞாயிறு நான் வாசிக்கிறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் ஆர்கன் மூடியைச் சாத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தையல் மிசின் மிதிக்கிறதும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டியளா டீச்சர்? நீங்க பாட்டுக் குழுவுல ஆல்ட்டோ பாடுங்க. அதுக்கே ஆள் பத்தல.”

வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். சீதனமாக வந்த மிஷின். ஊசியைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை இறக்கிவிட்டு, காலால் மிதித்துக்கொண்டே அதன் பலகையில் விரல்களை ஓட்டினேன். விரல் மறந்துவிடக் கூடாது என்பது ஒன்று. அந்த ஆள் சொன்ன சொல்லை அந்த ஆளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவர். மாடியில் ‘கடகட’ என்று சத்தம் கேட்டு ஏறி வந்து பார்த்தார்.

“ஏமி டீச்சர், துணியே இல்லாம மிசின் ஓடுது?” என்றார்.

“பழகுதேன்க்கா” என்றேன். பாவம், டீச்சருக்குத் தைக்கத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பழைய பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து, இதில் தைத்துப் பழகு என்று கொடுத்தார். அதை வைத்துத் தலையணை உறை தைத்துக் கொடுத்தேன்.

பாடகர் குழுவையும் ஆர்கன் சார்தான் நடத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. கையில் மர ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொண்டு பெஞ்சின் முதுகில் அடித்துத் தாளம் போடுவார். பிசகினால் யார், என்ன வயது என்று பார்க்க மாட்டார். மாவு மில்லுப் பெல்ட்டு, தண்ணி இல்லாத பம்பு செட்டு, இதெல்லாம் அவர் எங்கள் குரல்களுக்கு வைத்த பெயர்கள். பெண்களின் மேல் குரலான சோப்ரானோவில் கிரேஸ் அக்கா என்று ஒருவர் இருந்தார். புருஷன் மிலிட்டரியில் இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். அக்காவுக்கு வாரத்தில் ஞாயிறு ஆராதனையை விட்டால் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் வெளியே வருகிற நேரம். வயது ஏற ஏறக் குரல் மேலே எட்டவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின பயிற்சியில் ஆர்கன் சார் பாட்டை நிறுத்தி, அக்காவை மட்டும் தனியாக எழுந்து நிற்கச் சொல்லி, அந்த மேல் ஸ்வரத்தைப் பாடச் சொன்னார். குரல் உடைந்தது. திரும்பவும் பாடச் சொன்னார். திரும்பவும் உடைந்தது.

“கெழவியள எல்லாம் சோப்ரானோல வச்சா இப்பிடித்தான். வீட்ல இருந்து செபம் பண்ணுங்க, போதும்.”

அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடி, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கோவில் பக்கமே வரவில்லை. வேறு சபைக்குப் போய், அங்கே கைதட்டிப் பாடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று எழுந்து நின்று, “நீங்க பேசுறது தப்பு சார்” என்று சொன்னவள் நான் ஒருத்திதான். “எக்ஸ்பிரஸ்ஸுக்கு இங்க ஸ்டாப்பிங் கிடையாது, ஒக்காருங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சபைக்கு எப்போதும் அவர் பக்கம்தான் சிரிப்பு வரும்.

என் வீட்டுக்காரர் ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாடுகிறவர். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வந்து, சட்டையை உதறினால் வாசலில் வெள்ளையாக விழும். ஆர்கன் சார் என்றால் அவருக்கு உயிர். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி அந்த ஆளால் வந்தது.

“ஏட்டி, அவியளும் கோவிச்சிட்டுப் போயிட்டா கேரல்ஸுக்கு யாரு வாசிப்பா?”

“நான் வாசிப்பேன்.”

“நீ வாசிப்ப, சரி. சபை பாடணும்லா?”

அப்போது அது எனக்கு வெறும் வீம்புப் பேச்சாகத்தான் பட்டது. அதற்குள் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்த நாளைச் சொல்வதற்கு முன்னால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆர்கன் பெஞ்சு மட்டும் வேண்டும் என்றில்லை. ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கைக்கு அடங்கி, எங்கும் நிற்காமல் அந்தச் சபை பாட வேண்டும். அதுதான் என் ஆசை. வெளியே சொன்னால் சின்ன ஆசையாகத் தெரிகிறது. அப்போது அதை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என் கணக்கு நேர்மையாக இருக்காது. அந்த ஆள் நன்றாக வாசிப்பார். கூட்டம் கலைந்த பிறகு, யாருமில்லை என்று நினைத்துத் தனியாக வாசிக்கும்போது கேட்டிருக்கிறேன். விரல் அவ்வளவு சுத்தம். தனியாக வாசிக்கும்போது எந்த இடத்திலும் நிறுத்த மாட்டார். டப்பா தன் பாட்டுக்கு மேலே கிடக்கும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தமெல்லாம் பொடிக்காக இல்லை. இத்தனை பேரைத் தன் ஒரு கைக்காகக் காத்திருக்க வைப்பதில் இருந்த ருசிக்காகத்தான். அதைப் புரிந்துகொண்ட அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல் இரண்டு மடங்கானது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஆடிப்பூரம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நகர்ந்தால் ஊரே நகராது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பஸ்களையெல்லாம் சுற்றி விட்டுவிட்டார்கள். ஆர்கன் சார் மடவார் வளாகத்துப் பக்கம் குடியிருந்தார். முதல் ஆராதனையை முடித்துவிட்டு, பஸ் இல்லாமல் யாருடைய மொபெட்டையோ வாங்கிக்கொண்டு கிளம்பியவர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். மொபெட்டை வைத்துக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிற்கிறார் என்று, முன்னாடியே தப்பி வந்த ஒருவர் வந்து சொன்னார். இங்கே ஐயர் ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், ஆர்கன் பூட்டிக் கெடக்கு. நீங்க பாட்டு எடுத்துக் குடுங்க. சபை புடிச்சிக்கிடும்.”

எத்தனை வருஷத்து ஆசை! முன்னால் போய் நின்றேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஸ்ருதியைச் சரியாகப் பிடித்து, தெளிவாக, கொஞ்சம் துள்ளலாகவே எடுத்தேன். முதல் வரியில் சபை என்னோடு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் வரி முடிந்தது. நான் இரண்டாவது வரிக்குப் போனேன்.

நான் மட்டும்தான் போனேன். சபை அங்கேயே நின்றது. ஆர்கனும் இல்லை, டப்பாவும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு, பொடி போட்டு முடிக்கிற நேரத்துக்கு நின்றார்கள். அந்த இழுவைக்கு நடுவே என் குரல் தனியாக இரண்டாவது வரியைப் பாதி பாடிவிட்டு வெட்கப்பட்டு நின்றது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. நான் முதலிலிருந்து எடுத்தேன். திரும்பவும் அதே கதை. மூன்றாவது வரியிலிருந்து நானும் அவர்களோடு நின்று நின்று பாடி முடித்தேன். பேஸ் வரிசையில் என் வீட்டுக்காரர் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு ஆர்கன் சார் வந்தபோது கதை அவருக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, பூட்டைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நான் வராமலே வாசிச்சிட்டேன், பாத்தியளா டீச்சர்?”

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆண்கள் பள்ளியில் அவர் பாட்டு வாத்தியார். அங்கே படித்தவர்களைக் கேட்டால், ஆண்டு விழாவுக்காக வருஷம் முழுக்க ஒரே பாட்டைச் சொல்லிக்கொடுப்பார், அதையும் யாராவது ஒழுங்காகப் பாடினால் வேண்டுமென்றே ஸ்ருதியை மாற்றுவார் என்பார்கள். நான் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்யவில்லை. என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எந்த இடத்திலும் நிற்காமல் பாடுவார்கள். அதற்காகவே மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். வளர்ந்ததும் ஒவ்வொருத்தியும் கல்யாணமாகி வேறு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கோவில் பெஞ்சில் மிஞ்சியதெல்லாம் பழைய தொண்டைகள்தான்.

கண் தெரியாமல் அவர் ஆர்கனை விட்டபோது, பொன்னாடை போர்த்தி விடைகொடுத்த கூட்டத்தில், ராஜபாளையம் ஆர்கன் சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுக்கச் சொன்னார் ஐயர். கொடுத்தார். கொடுக்கும்போது, மைக்கில் இல்லாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மெதுவா மிதிங்க, தையல் பிரிஞ்சிரும்” என்றார். நான் நன்றி என்றேன்.

மறுநாள் போய் மூடியைத் திறந்தேன். கட்டைகளின் இடுக்கெல்லாம் காவி நிறத்தில் பொடி அப்பிக் கிடந்தது. பழைய பிரஷ்ஷை வைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர். எவ்வளவு துடைத்தும், மிதிக்க மிதிக்க உள்ளிருந்து அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. துருத்திக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் நிறுத்தவில்லை. சபை நின்றது. நான் ஓடினேன். சபை ஒரு வரி பின்னால் தங்கியது. நான்காவது சரணத்தில் நான் முடித்துவிட்டேன், அவர்கள் முடிக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு அடுத்த வாரமும். விடவில்லை நான். வயசாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா, “டீச்சர் பாட்டுக்குள்ள ஆண்டவரே ஓட வேண்டியிருக்கு” என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். கடைசியில் ஐயரே ஆர்கனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“செத்த நில்லுங்க டீச்சர். சபை வந்துறட்டும். பொறவு போகலாம்.”

நின்றேன். வேறு வழியில்லை. வரி முடிந்ததும் இடது கையால் ஸ்வரத்தை அழுத்திக்கொண்டு சபைக்காகக் காத்திருந்தேன். வலது கைக்கு வேலையில்லை. பொடிப் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் முந்தானை. இந்தச் சபையை நிறுத்தாமல் பாடவைக்க வந்தவள், மூன்றாவது மாதத்திலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஆர்கன் சார் கறுப்புக் கண்ணாடியோடு ராஜபாளையத்துக்கே ஆராதனைக்கு வரத் தொடங்கினார். அவர் ஊரில் கோவில் இல்லையா? இருந்தது. இங்கேதான் வருவார். முன் பெஞ்சில், ஆர்கனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்வார். வாயைத் திறந்து பாட மாட்டார். வரி முடியும். நான் நிறுத்துவேன். அவர் டப்பாவை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக ஒரு சிட்டிகை போடுவார். கைக்குட்டையால் துடைத்து முடித்துவிட்டு, இனிப் போகலாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைப்பார். சபை அடுத்த வரிக்குக் கிளம்பும். சபையோடு நானும்.

அந்த ஆளை அந்த நேரத்தில் நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பிரசங்கத்தில் சத்துருவை நேசி என்று வரும்போதெல்லாம் ஐயர் என் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

தொண்ணூறுகளின் முடிவில் அவர் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் அடக்க ஆராதனை. அங்கே அவருக்குப் பிறகு ஆர்கனுக்கு யாருமில்லை, நீங்கள்தான் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். போனேன். சவப்பெட்டியை ஆர்கனுக்கு முன்னாலேயே இறக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு நாளாவது நிற்காமல் வாசித்துவிட வேண்டும், எதிரே உட்கார்ந்து தலையசைக்க ஆள் இல்லை என்று மனதுக்குள் திடமாக இருந்தேன். முதல் வரி முடிந்தது. இரண்டு ஊர்ச் சபையும் சேர்ந்து நின்றது. அவ்வளவு பேர், அவ்வளவு நீள இழுவை. என் கை தானாகவே நின்றது. கண் தானாகவே பெட்டிப் பக்கம் போனது. அவர் எடுத்து, வைத்து, உறிஞ்சி, துடைத்து முடிக்கிற நேரம் கழிந்ததும்தான் அடுத்த வரி வந்தது. சுற்றிலும் அழுகைச் சத்தம். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது துக்கமில்லை. பெட்டிக்குள் படுத்துக்கொண்டும் இந்த ஆள் நிறுத்துகிறாரே என்கிற ஆத்திரம்.

இத்தனையும் அந்த டவுன் பஸ்ஸில் நின்றபடி எனக்குள் ஓடியது. ராஜபாளையம் கோவிலில் ஆண்டு விழா. பழைய ஆர்கனிஸ்ட் என்று என்னைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருந்தார்கள். மகளோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிட்ட பிறகு அந்தக் கோவிலுக்குள் போய் வெகுநாளாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கூட்டாளிகளைப் பார்க்க முந்தின நாளே போய்விட்டார்.

உள்ளே போனதும் முதலில் ஆர்கன் இருந்த இடத்தைத்தான் பார்த்தேன். அங்கே கீபோர்டு, டிரம் பேடு, கறுப்பு ஸ்பீக்கர்கள். ஆர்கனை எலி கடித்து, கரையான் அரித்து, எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். கீபோர்டில் இருந்தது என் பழைய மாணவி ஒருத்தியின் மகள். ஒரு பட்டனைத் தட்டினாள். தாளம் தானாக ஓடத் தொடங்கியது. சபை எழுந்து பாடியது. முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. எங்கும் நிற்கவில்லை. முழுச் சரணமும் ஒரே ஓட்டம். நான் இத்தனை காலமாக எதற்காக ஏங்கினேனோ அது என் கண் முன்னால், யாருடைய முயற்சியும் இல்லாமல், ஒரு பட்டனில் நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஆள் ஒரேயடியாகத் தொலைந்தார் என்று நினைத்தேன்.

பிறகு என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். ஆடிப்பூரத்தன்று எடுத்துக் கொடுத்த அதே பாட்டையே பாட நினைத்தேன். அந்தப் பெண் தாளத்தைத் தட்டிவிட்டாள். பாடினேன். குரல் மோசமில்லை. முதல் வரி முடிந்தது.

நான் நின்றேன்.

வேண்டுமென்று நிற்கவில்லை. தாளம் ‘டக்கு டக்கு’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. சபை இரண்டாவது வரிக்குப் போய்விட்டது. நான் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மைக் முன்னால் தனியாக நின்றேன். தனியாக என்றும் சொல்ல முடியாது. பின்னால் சுவரோரம் இரண்டு மூன்று கிழட்டுக் குரல்கள் என்னோடு நின்றன. அதில் ஒன்று பேஸ். அது யார் என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் கெட்டிக்காரி. சட்டென்று பட்டனை அமுக்கித் தாளத்தை நிறுத்திவிட்டு, மீதிப் பாட்டுக்கு என்னோடு நின்று நின்று வந்தாள். முடிந்ததும் கைதட்டினார்கள். பந்தியில் சாப்பிடும்போது அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, ஒவ்வொரு லைனுக்கும் நிறுத்துனீங்கள்ல, அது என்ன ஸ்டைலு? ரொம்ப நல்லாருந்துச்சு. எனக்குச் சொல்லித் தாங்க. அடுத்த ஞாயிறு சபைக்கு அப்பிடியே பழக்குதேன்.”

எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடு என்று அவர் கண் கெஞ்சியது.

“அது பாட்டுல கெடையாதும்மா” என்றேன். “ஒரு ஆளோட கெட்ட பழக்கம். நீ படிக்க வேண்டாம். உன் தாளம் ஓடுத மாதிரியே ஓடட்டும்.”

அவள் முகம் வாடிப்போனது. என் வீட்டுக்காரர் மறுபடி இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

ஆர்கன் போய்விட்டது. சாவி எங்கே என்றே தெரியவில்லை. கிரேஸ் அக்கா போய்விட்டார். நின்று நின்று நடந்த கல்யாணப் பெண்களெல்லாம் பேரப்பிள்ளைகளோடு எங்கெங்கோ இருக்கிறார்கள். பொடி டப்பா பஸ்ஸில் எப்போதாவது கண்ணில் படுகிறது. அந்த ஆளின் நிறுத்தம் ஒழுங்காக, ஒரு மாத்திரை கூடாமல் குறையாமல், இன்று மிச்சமிருப்பது என் தொண்டையில்தான். அடுப்படியில் தனியாகப் பாடிப் பார்க்கிறேன். வரி முடிந்ததும் நிற்கிறேன். நான் போகிற வரைக்கும் அவரை நான்தான் சுமக்க வேண்டும். இது மட்டும் அவருக்குத் தெரிந்தால், டப்பாவைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக ஒரு சிட்டிகை எடுப்பார்.